ஃபிளாஷ் இல்லாமல் மேடையைப் படம் எடுப்பது: திருவையாறு, தஞ்சை, மெலட்டூர்

கச்சேரியிலும் நாட்டியத்திலும் ஃபிளாஷ் போடக்கூடாது என்பதற்கு முதல் காரணம், பாடுகிறவர் கண்ணில் அது அடிக்கும். இரண்டாவது காரணம், அதனால் பயனே இல்லை. கேமராவோடு சேர்ந்து வரும் சின்ன ஃபிளாஷுக்கு கைடு நம்பர் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப் 4 (லென்ஸ் திறப்பு, எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்), ஐஎஸ்ஓ 100 (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) என்ற அளவில் அதன் வெளிச்சம் 3 மீட்டர்தான் போகும். ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றினாலும் 12 மீட்டர். பந்தலின் பதினைந்தாவது வரிசையிலிருந்து ஃபிளாஷ் அடித்தால் முன்வரிசைக்காரர்களின் தலைகள் பளிச்சென்று விழும், மேடை இருண்டு போகும். கிட்டே போய் அடித்தாலோ பட்டுப் புடவையின் சாயம் வெளுக்கும், பின்திரையில் தம்பூராவின் நிழல் விழும், மேடை அமைத்தவர் பார்த்துப் பார்த்து வைத்த விளக்கெல்லாம் வீணாகும்.

ஆகவே இருக்கிற வெளிச்சத்தில்தான் எடுக்க வேண்டும். அதற்கு விலை உயர்ந்த கேமராவைவிட அதிகம் உதவுவது தாளம் புரிந்த காது. எப்படி என்று பின்னால் விரிவாகச் சொல்கிறோம். அதற்கு முன் கருவி.

லென்ஸும் அமைப்பும்

கேமராவோடு கிடைக்கும் 18-55 லென்ஸை முழுதாக ஜூம் செய்தால் எஃப் 5.6க்கு வந்துவிடும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. எந்த கேமரா நிறுவனத்திலும் மிக மலிவான லென்ஸ்களில் ஒன்று இதுதான். ஒரே ஒரு லென்ஸ் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். இரண்டாவதாக 85 எஃப் 1.8. கோயில் வளாகத்தில் மேடைக்கு வெகு தூரத்தில் நிற்க வேண்டியிருந்தால் 70-200 எஃப் 2.8, அதையும் ஒருநாள் வாடகைக்கு எடுத்தால் போதும்.

எஃப் 1.8ஐ எப்போதும் திறந்தே வைத்திருப்பதும் தப்பு. முழு ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8ல் வைத்து 5 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் கூர்மையாக விழும் ஆழம் ஒன்றேகால் அடிதான். பாடகர் முகம் கிடைக்கும், பக்கத்து வயலின்காரர் மங்கிவிடுவார். பாடகர், வயலின்காரர், மிருதங்கக்காரர் மூவரும் தெளிவாக வேண்டுமானால் 35 மி.மீ.க்கு மாறி எஃப் 2.8 வையுங்கள். அதே தூரத்தில் மூன்று மீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கும்.

மேனுவல் மோடில் எடுங்கள். பின்னால் கறுப்புத் திரை இருந்தால் ஆட்டோ மோடு ஏமாறும்: மொத்தக் காட்சியும் இருட்டு என்று கணக்குப் போட்டு, பாடுகிறவர் முகத்தைச் சுண்ணாம்பாக்கிவிடும். ஸ்பாட் மீட்டரிங்கை (ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) முகத்தின் மேல் வைத்து ஒரு முறை அளந்து, அந்த எண்களைப் பூட்டிவிடுங்கள். பிறகு ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் வெளுப்பது நெற்றித் திருநீறும், வைரத் தோடும், வெள்ளை வேட்டியும். திருநீற்றின் மூன்று கோடும் தனித்தனியாகத் தெரிந்தால் அளவு சரி. வேட்டி மடிப்பு கொஞ்சம் வெளுத்தால் விட்டுவிடலாம், நெற்றி வெளுத்தால் விடக்கூடாது.

மேடை விளக்கு மாறாதவரை இந்த எண்களை மாற்ற வேண்டாம். ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்) எடுங்கள், ஒயிட் பேலன்ஸை (விளக்கின் நிறத்துக்கேற்ற சமன்) 3800 கெல்வின் அருகில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் ஒரே பாட்டில் எடுத்த பத்துப் படமும் பத்து நிறமாக வரும்.

இன்னும் மூன்று சங்கதிகளை வீட்டிலேயே சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். ஃபோகஸ் உதவி விளக்கை அணையுங்கள். இருட்டில் அந்தச் சிவப்பு வெளிச்சம் ஃபிளாஷ் அளவுக்கே தொந்தரவு. ஃபோகஸ் ஆகும்போது வரும் பீப் சத்தத்தை நிறுத்துங்கள். எடுத்த படம் தானாகத் திரையில் தெரிவதையும் நிறுத்துங்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது கண்ணைக் குத்தும்.

காதால் எடுப்பது

நாட்டியத்துக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி வேண்டும், மிருதங்கத்துக்கு 1/320 வேண்டும் என்று அட்டவணைகள் சொல்லும். எந்த நொடியில் அழுத்தினாலும் அசையாமல் விழ வேண்டும் என்றால் அது சரிதான். ஆனால் எந்த அசைவுக்கும் ஒரு நிலை உண்டு. மேலே போன கை கீழே இறங்குமுன் நிற்கும். வில் திரும்புமுன் நிற்கும். குதித்த உடம்பு உச்சியில் நிற்கும். அந்த நிலையைப் பிடிக்கத் தெரிந்தால் 1/500க்குப் பதில் 1/125 போதும். அது நான்கு மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 6400ல் எடுக்க வேண்டிய படத்தை 1600ல் எடுக்கலாம். லென்ஸுக்குக் கொடுக்க வேண்டிய காசில் பாதி இங்கேயே மிச்சம்.

கண்ணால் பார்த்த பிறகு விரல் அழுத்துவதற்கு ஏறக்குறைய கால் நொடி ஆகிவிடும், அதற்குள் நிலை கலைந்துவிடும். தாளத்தோடு சேர்ந்து அழுத்தினால்தான் சரியாக விழும். கூடவே மூன்று நான்கு படத் தொடர் ஒன்று விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பரதத்தில் இது மிகத் தெளிவாகக் கிடைக்கும். தீர்மானம் (ஒரு பகுதியை முடிக்கும் ஜதி) வரும்போது நட்டுவாங்கம் செய்கிறவர், அதாவது தாளம் போட்டு ஜதி சொல்கிறவர், ‘தளாங்கு தகதிகு ததிங்கிணதொம்’ என்று ஒரே சொல்லை மூன்று தடவை சொல்வார். முதல் தடவை கேமராவைத் தூக்குங்கள். இரண்டாவது தடவை ஃபோகஸைக் கண்ணில் வையுங்கள். மூன்றாவதன் ‘தொம்’ விழும் அதே நேரத்தில் அழுத்துங்கள். ஆடுகிறவர் அங்கே நிற்பார், கழுத்து மாலை மட்டும் லேசாக ஆடும். குதித்துமெட்டு அடவில் (அடவு என்பது அடிப்படை ஆட்ட அசைவு) குதியின் உச்சி நட்டுவாங்கத் தாளம் விழுவதற்கு ஒரு இமை முன்னால் வரும், அதற்குத் தொடர்படம் விடலாம்.

அபிநயத்துக்கு வேறு வழி. பதம், வர்ணம் என்ற நாட்டிய உருப்படிகளில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள், ஒவ்வொரு தடவையும் பாவம் கொஞ்சம் மாறும். முதல் தடவை படம் எடுக்காமல் பாருங்கள்: முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்த விளக்கு அதன் மேல் விழுகிறது. மறுபடி அந்த வரி வரும்போது நீங்கள் முன்கூட்டியே சரியான இடத்தில் இருப்பீர்கள். 1/160, 85 மி.மீ., ஃபோகஸ் கிட்டே இருக்கும் கண்ணில்.

முழு உருவம் எடுத்தால் பாதத்தை வெட்டாதீர்கள். அரைமண்டியில் (முழங்கால் மடித்து நிற்கும் நிலை) பாதம் போனால் அடவே போய்விட்டது. நீட்டிய கைவிரலுக்கு முன்னால் அரை அடி காலியிடம் விடுங்கள்.

கச்சேரி மேடையில் எங்கே உட்காருவது என்பதே பாதி வேலை. வழக்கமாக மிருதங்கம், பார்ப்பவர்களுக்கு இடப்பக்கம், வலந்தலை (வலது கை வாசிக்கும் முகம்) சபையை நோக்கி, வயலின் வலப்பக்கம். இடது கைக்காரர் வாசித்தால் இடம் மாறும். நீங்கள் வலப்பக்க ஓரத்தில் உட்கார்ந்தால் பாடகரும் அவருக்கு அப்பால் மிருதங்கக்காரர் முகமும் ஒரே வரியில் கிடைக்கும். இடப்பக்கம் உட்கார்ந்தால் பாடகரோடு வயலின். நேர் நடுவில் உட்கார்ந்தால் மைக் வாயை மறைக்கும். நாற்பது டிகிரி அளவு ஒதுங்கினால் மைக் தாடைக்கு அப்பால் விலகிவிடும்.

ஆலாபனையில் பாடகர் கை உயர்ந்து நிற்கும் இடம் ஒரு சங்கதியின் (ராகத்தின் ஒரு சொற்றொடர்) முடிவு, பாடகருக்குப் பாடகர் அது வேறுபடும், பத்து நிமிடம் பார்த்தால் பிடிபட்டுவிடும். தனி ஆவர்த்தனத்தில் (மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி) கோர்வை என்ற முடிவுக் கோவை மூன்று முறை வரும், மூன்றாவது முடிந்து சமத்தில் (தாளச் சுற்றின் தொடக்கம்) விழும்போது பாடகர், வயலின்காரர், மிருதங்கக்காரர் மூவர் முகமும் ஒன்றாகத் திறக்கும். அதற்கு அகல லென்ஸோடு காத்திருங்கள். மிருதங்கக் கை முழுக்க உறைந்து நின்றால் வாசிப்பது போலவே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 1/80ல் விரல்கள் லேசாகக் கலங்கி, முகம் மட்டும் கூர்மையாக விழும் படம்தான் சத்தத்தைக் காட்டும்.

விளக்கு செய்யும் கோளாறு

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். 1/50, 1/100 என்று வைத்தால் முழுச் சுற்று அடங்கும், படத்துக்குப் படம் ஒரே வெளிச்சம் வரும். 1/250க்கு மேல் போனால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக, நிறமும் மாறி வரும். கேமராவில் ஃபிளிக்கர் குறைக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழுவதும் இதே காரணத்தால்தான். மேடைக்குப் பின்னால் பெரிய எல்இடி திரை வைத்திருந்தால் பட்டை இன்னும் மோசம். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100க்கு இறங்குங்கள். சத்தத்துக்கு ஒரு வழி, கொட்டும் முழக்கமும் வரும்போது மட்டும் அழுத்துவது. ராக ஆலாபனையின் மெல்லிய இடத்தில் யாரும் ஷட்டர் சத்தம் கேட்க வரவில்லை.

சிவப்பு, மெஜந்தா விளக்கு இன்னொரு தொல்லை. மீட்டர் சரி என்று காட்டும், ஆனால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, முகம் மூக்கு தெரியாத ஒரே பூச்சாகிவிடும். மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) காட்டும் வசதியைத் திறந்து, சிவப்புக் கோடு வலது சுவரில் முட்டாதபடி முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறையுங்கள். முழு நீல வெளிச்சத்தில் எடுக்கவே வேண்டாம். அடுத்த விளக்கு வரும்வரை காத்திருங்கள், அல்லது விளக்குப் போடுகிறவரிடம் இடைவேளையில் போய் ‘அண்ணே, முகத்துக்கு மட்டும் ஒரு வார்ம் லைட் விடுங்களேன்’ என்று கேளுங்கள். பெரும்பாலும் செய்துகொடுப்பார்கள்.

திருவையாறு

தியாகராஜ ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியன்று (புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாள்), பெரும்பாலும் ஜனவரியில். தியாகராஜரின் ஐந்து கிருதிகளான பஞ்சரத்னம் காலையில் பாடப்படுவதால் பகல் வெளிச்சம் உண்டு. ஐஎஸ்ஓ 400 முதல் 1600க்குள் முடிந்துவிடும். பந்தலின் கூரை இருட்டு, திறந்த பக்கங்கள் பளிச். வெளிச்சப் பக்கத்தைப் பின்னணியாக வைத்தால் முகமெல்லாம் நிழலுருவாகும். திறந்த பக்கத்துக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

பாடகர்கள் எதிரெதிர் வரிசையாக உட்காருகிறார்கள். வரிசையின் ஓரத்தில் தாழ உட்கார்ந்து, வரிசையின் நீளத்தில் பாருங்கள். நீள லென்ஸ் முகங்களை நெருக்கிக் காட்டும். எஃப் 5.6, ஃபோகஸ் மூன்றாவது அல்லது நான்காவது முகத்தில்.

இங்கேயும் தாளம்தான் படம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஐந்தும் ஆதி தாளம். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆறாவது, எட்டாவது எண்ணிக்கையில் அத்தனை பேரின் உள்ளங்கையும் ஒரே நேரத்தில் மேல்நோக்கித் திரும்பும். விரல் எண்ணிக்கையில் எடுத்தால் கைகள் தொடையோடு ஒட்டிக் காணாமல் போகும். வீச்சில் எடுத்தால் வரிசை முழுக்கக் கைகள் மலர்ந்திருக்கும். 1/125 போதும், ஏனென்றால் வீச்சின் முடிவில் கை ஒரு கணம் நிற்கிறது. ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்று) இரண்டு வாய்ப்பு, ஐந்து கிருதிக்கும் எத்தனையோ ஆவர்த்தனம். அவசரமே இல்லை.

மாலைக் கச்சேரிகளுக்கு நிற்பவர்கள் ஆற்றங்கரைப் பனியை நினைவில் வையுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறந்தால் லென்ஸ் முகம் பூத்துவிடும். பையை மூடியபடியே இருபது நிமிடம் வெளியில் வைத்துப் பிறகு திறவுங்கள். பூத்த லென்ஸை வேட்டித் தலைப்பால் துடைக்காதீர்கள், திருநீறும் மணலும் சேர்ந்து கண்ணாடியைக் கீறும்.

தஞ்சைப் பெரிய கோயில்

மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்டியாஞ்சலி என்ற நாட்டிய விழாவில் பின்னணியாக விமானம் கிடைப்பது பெரும் கொடுப்பினை. அதற்கு இருபது நிமிடம்தான் உண்டு. பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் 6.20 வாக்கில் சூரியன் மறையும், 6.25 முதல் 6.45 வரை வானம் கருநீலமாக இருக்கும், விமானத்தின் விளக்கும் மேடை விளக்கும் அதோடு சமமாக நிற்கும். அதற்குப் பிறகு வானம் வெறும் கறுப்பு. முதல் நிகழ்ச்சிக்கே போய்விடுங்கள். 24 மி.மீ., எஃப் 2.8, 1/125, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கி, ஆடுகிறவர் முகத்துக்கு அளவை வையுங்கள். 216 அடி விமானம் ஃபிரேமுக்குள் வர வேண்டுமானால் கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்க வேண்டும், செங்குத்தாகப் பிடியுங்கள்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் முன் அனுமதி இல்லாமல் முக்காலி வைக்க முடியாது. அது இல்லாமலே சமாளிக்கலாம்: சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு முழங்கையையும் முழங்காலில் ஊன்றி, மூச்சை விட்டுப் பாதியில் நிறுத்தி அழுத்துங்கள். 50 மி.மீ.யில் 1/30 வரை தாங்கும். சன்னிதிக்குள் கேமராவைத் தூக்க வேண்டாம்.

மெலட்டூர் பாகவத மேளம்

பாகவத மேளம் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த நாடகம். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, பெரும்பாலும் மே மாதத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே தெருவில் மேடை. இரவு தொடங்கி வெகு நேரம் போகும். ஸ்திரீ வேடம் உட்பட எல்லாம் ஆண்களே கட்டுகிறார்கள், மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரியின் தெலுங்கு நாடகங்கள்.

படம் எடுப்பவருக்கு இந்தக் கலையே ஒரு சௌகரியம் செய்துவைத்திருக்கிறது. முதலில் கோணங்கி (கோமாளி) வருவார், பிறகு பிள்ளையார் முகமூடியோடு ஒரு சிறுவன். இந்த இரண்டு வருகையிலேயே வெளிச்சத்தை அளந்து எண்களை முடிவு செய்துவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு பாத்திரமும் பிரவேச தருவோடு (அறிமுகப் பாட்டு) வரும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் பாத்திரம் நிற்கும், தரு பாடப்படும், திரை இறங்கும். திரையின் மேல்விளிம்பில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் முதல் பார்வை உங்கள் கையில். திரை இறங்கிய பின் ஃபோகஸ் தேடினால் அது போச்சு.

வேட ஒப்பனை அடர்த்தியாக இருப்பதால் முகம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அரை ஸ்டாப் குறைத்தே வையுங்கள். பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் வருவது இரவு வெகு நேரம் கழித்து. அதற்குள் கார்டு நிரம்பிப் போகிறவர்களும் பேட்டரி தீர்ந்து போகிறவர்களும் அதிகம். புது பேட்டரியும் காலியான கார்டும் அதற்கென்றே ஒதுக்குங்கள். அந்த நேரம் கூட்டம் எழுந்து முன்னால் வரும், நடுவில் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அரைமணி முன்பே பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடுங்கள். நரசிம்மர் முகமூடிக்கு முகபாவம் கிடையாது, அதனால் முகத்தை நெருக்கி எடுப்பதைவிடத் தோளும் கைவிரலும் சேர்த்து இடுப்புவரை எடுப்பதில் உக்கிரம் தெரியும். அது வேடம் மட்டுமல்ல, அங்கே கும்பிடுகிறவர்கள் உண்டு. வழியை மறித்து நிற்காதீர்கள்.

வீதி உலா

சாமி புறப்பாட்டில் நாகஸ்வரமும் தவிலும் நடந்துகொண்டே வாசிக்கும். வெளிச்சம் ஜெனரேட்டர் எல்இடியிலிருந்தும் சப்பரத்தின் சீரியல் செட்டிலிருந்தும் வரும். நடப்பவர்களைப் பின்தொடராதீர்கள், தெருமுனையில், நல்ல விளக்கடியில் முன்பே போய் நின்றால் அவர்களே வந்து நின்று ஒரு உருப்படி வாசிப்பார்கள். 50 மி.மீ., எஃப் 2, 1/200, ஐஎஸ்ஓ 3200.

நாகஸ்வரத்தை நேர் முன்னாலிருந்து எடுத்தால் அணைசு (கீழ்முனையின் விரிந்த வாய்) பெரிதாகி முகத்தை மறைக்கும். பக்கவாட்டில் உலவின் (குழல்) முழு நீளமும் சீவாளியைக் (ஊதும் முனை) கவ்விய உதடும் தெரியும். கருங்குழல் இருட்டுப் பின்னணியில் கரைந்துவிடும் என்பதால், பின்னால் சப்பர விளக்கு மங்கலாகத் தெரியும்படி இடம் பாருங்கள். தவிலில் இடது கைக் கழி மேலே போய் நிற்கும் நொடியும், வலது கை விரல்களில் மாட்டிய வெள்ளைக் கூடுகளும்தான் பார்க்க வேண்டியவை. கழியின் உச்சியில் 1/200 போதும், கூடுகளுக்கு 1/500 வேண்டும். இரண்டும் சேர்ந்து வராது. கழியை எடுங்கள்.

கற்பூர ஆரத்தியில் அளவை தீபத்துக்கு வைக்காதீர்கள், தீபம் ஏந்திய கைக்கு வையுங்கள். சுடர் கொஞ்சம் வெளுக்கட்டும்.

போனில் எடுப்பவர்களுக்கு

ஃபிளாஷை ஆட்டோவில் விடாமல் நிறுத்தியே வையுங்கள். நைட் மோடு பல படங்களை எடுத்து ஒட்டுவது, ஆடுகிறவருக்கு ஆறு கை வரும். விளக்கு, கோபுரம் போன்ற அசையாத பொருளுக்கே அது. ப்ரோ மோடில் 1/125, ஐஎஸ்ஓ 800 முதல் 1600. ப்ரோ மோடு இல்லையென்றால் முகத்தை விரலால் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, திரையில் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். இருட்டில் பல போன்கள் 3எக்ஸ் லென்ஸை விட்டு முதன்மை லென்ஸின் படத்தையே வெட்டிக் காட்டும். ஜூம் செய்வதைவிட நான்கு வரிசை முன்னால் போய் உட்காருவது நல்லது. திரை வெளிச்சத்தைக் குறைத்து, நெஞ்சு உயரத்துக்கு மேல் போனைத் தூக்காமல் எடுங்கள்.

வீட்டுக்கு வந்த பின் செய்வது குறைவு. முதலில் நாய்ஸ் குறைக்கும் மென்பொருளை அளவோடு ஓட்டுங்கள். அதிகம் ஓட்டினால் பட்டின் ஜரிகை மெழுகாகிவிடும். 100 சதவீதத்தில் பார்த்தால் புள்ளி தெரியலாம், அச்சில் தெரியாது. ஐஎஸ்ஓ 6400 கூட 8x12 அங்குலப் படத்துக்குத் தாராளம். பின்னணியை வெளுக்கச் செய்யாதீர்கள், மேடை இருட்டாகவே இருக்கட்டும். தேர்ந்தெடுத்த படங்களில் வாய் கோணிய, கண் பாதி மூடியவற்றை நீக்கிவிட்டு, வெளியிடுமுன் கலைஞருக்கோ குழந்தைகளென்றால் பெற்றோருக்கோ அனுப்பிச் சம்மதம் கேளுங்கள்.